ராயம்மாள் சாவியைக் கழற்றிய கதை

செஞ்சிக் கோட்டையைப் பிடிக்க யார் யாரோ வந்தார்கள். பீஜப்பூர்க்காரன் வந்தான். டில்லிக்காரன் வந்து வருஷக்கணக்கில் அடிவாரத்தில் கூடாரம் அடித்துக் கிடந்தான். பிரெஞ்சுக்காரன் வந்தான், இங்கிலீஷ்காரன் வந்தான். எல்லோரும் ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் உள்ளே போய்விட்டார்கள். காரணம் ஒன்றுதான். அந்தக் காலத்தில் ராயம்மாள் பிறக்கவில்லை. கோட்டைச் சாவி மட்டும் ராயம்மாள் இடுப்பில் இருந்திருந்தால் அத்தனை பேரும் இன்றைக்கும் ராஜகிரி மலைக்குக் கீழே வரிசையில் நின்றுகொண்டிருப்பார்கள். குதிரையை எங்கே கட்டுவது, பீரங்கியை எந்தப் பக்கம் திருப்பி வைப்பது என்று அவளே சொல்லியிருப்பாள். வரிசையில் நேராக நிற்காதவனுக்குத் திட்டும் விழுந்திருக்கும். இப்படி ஒருத்தி பூமியில் இரண்டாவதாகப் பிறக்கவில்லை. பிறந்தாலும் முதலாமவள் விடமாட்டாள்.

கோட்டை கிடைக்காததால் ராயம்மாளுக்குக் கோயில் கிடைத்தது.

சிங்கவரம் ரோட்டில் மாதா காலனி என்று இரண்டே தெரு. முப்பத்திரண்டு வீடு, நடுவில் ஓடு போட்ட சின்னக் கோயில். டவுன் கோயில் சாமியார் மாதத்தின் முதல் ஞாயிறு மட்டும் வந்து பூசை வைப்பார். மற்ற ஞாயிறுகளில் ராயம்மாளே வாசகம் வாசித்து, ஜெபம் சொல்லி, பாட்டை எடுத்துக்கொடுத்து, முடிவில் அறிவிப்பும் சொல்லுவாள். அறிவிப்புத்தான் நீளம். போன வாரம் லேட்டாக வந்தவர், கொட்டாவி விட்டவர், செருப்பை வாசலில் குறுக்கே போட்டவர் எல்லோரும் அதில் பேரோடு வருவார்கள்.

அவளுக்கு வயது ஐம்பத்து மூன்று. சத்துணவுக் கூடத்தில் சமையல். நூற்றிருபது பிள்ளைகளை வரிசையில் உட்காரவைத்துச் சோறு போட்ட கை அது. விடியற்காலை நாலரைக்கு எழுந்து கோயிலைப் பெருக்கி, ஐந்துக்கு மணி அடித்து, பூ வைத்துவிட்டுத்தான் தன் வீட்டு வாசலில் தண்ணீர் தெளிப்பாள். கேட்டால் ஒரே பதில்.

"ஆண்டவருக்குத்தான் மொத எடம். மத்ததெல்லாம் அப்பறம்."

அந்த மத்ததில் அவள் புருஷன் அருளானந்தமும் அடக்கம். மல்லாட்டை மில்லில், அதாவது வேர்க்கடலை மில்லில், மூட்டை தைக்கிற வேலை அவருக்கு. எட்டு வார்த்தை பேசவேண்டிய இடத்தில் மூன்று பேசுகிற மனுஷன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பாட்டு ஆரம்பித்தபின் உள்ளே வந்தார் என்று அறிவிப்பில் அவர் பேரும் வந்தது. அன்றிலிருந்து அவர் மொபெட்டில் அவளைக் கொண்டுவந்து விடுவார், வெளியே புங்க மரத்தடியில் வண்டி மேலேயே உட்கார்ந்து பேப்பர் படிப்பார், முடிந்ததும் அழைத்துப்போவார். கோயிலிலிருந்து ராயம்மாள் வெளியே வந்து அவரோடு பேசுகிறாள் என்றால் ஏணி வேண்டும், அல்லது மைக் ஒயர் போய்விட்டது என்று அர்த்தம்.

இன்னொரு மத்தது அவள் தங்கை அருள்ஜோதி.

அருள்ஜோதி தெற்குத் தெரு. கோயிலிலிருந்து கல்லெறிகிற தூரம்தான். ஆனால் ஆறு வருஷமாக அவள் இந்தக் கோயில் படியை மிதிக்கவில்லை. அவளோடு அந்தத் தெருவே மிதிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு ஷேர் ஆட்டோ நிறைய ஏறி எல்லோரும் டவுன் கோயிலுக்குப் போய்விடுவார்கள்.

சண்டை மாதாவுக்குக் கட்டுகிற புடவையில் வந்தது. செப்டம்பர் எட்டாம் தேதி மாதா பிறந்த நாள் திருவிழா. அன்றைக்குச் சப்பரத்தில் ஏறுவதற்கு முன்னால் சுரூபத்துக்குப் புதுப்புடவை கட்டுவார்கள். அந்த முதல் புடவையைக் கட்டுகிற உரிமை இவர்கள் அம்மாவுடையது. அம்மா செத்துப்போன வருஷம் கோயில் சாவி ராயம்மாளிடம் வந்தது. புடவை யாருக்கு என்று அம்மா சொல்லிவிட்டுப் போகவில்லை. அந்த வருஷம்தான் அருள்ஜோதியின் மகன் ஆதவனுக்கு டெங்கு வந்து, பையன் பிழைப்பானா மாட்டானா என்று பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். (ஆதவன் நல்ல பையன். அடக்கமானவன். பார்க்கவும் லட்சணமாக இருப்பான். பத்தாம் வகுப்பில் இரண்டு பாடம் பாக்கி, அது வேறு விஷயம்.) பிள்ளை பிழைத்தால் மாதாவுக்கு முதல் புடவை என்று அவள் நேர்ந்துகொண்டாள். பிள்ளை பிழைத்தது. அவள் ஊதா நிறத்தில் ஒரு புடவை எடுத்துக்கொண்டு திருவிழா அன்றைக்கு வந்தாள்.

"பெரியவ நான் இருக்கும்போது மொத பொடவ உனுது எப்பிடி ஆவும்? வச்சுட்டுப் போ. நாளைக்கிக் கட்டிக்கலாம்" என்றாள் ராயம்மாள்.

"நேந்துக்கினது மொத பொடவக்கா. நாளைக்கிக் கட்டறதுக்கு நான் நேந்துக்கல."

"அப்ப எடுத்துக்கினு போ."

சொன்னதோடு நிற்கவில்லை. கதவைச் சாத்திப் பூட்டினாள். சாவியை இடுப்பில் செருகினாள். வெளியே அருள்ஜோதி புடவையை மார்போடு அணைத்துக்கொண்டு தெருவே பார்க்க நின்றாள். பிறகு போனாள். அவள் பின்னால் ஒவ்வொரு வீடாகத் தெற்குத் தெரு போயிற்று.

ஆறு வருஷம் ஓடியது. போன ஜூன் மாதம் முதல் ஞாயிறு, பூசை முடிந்து சாமியார் ராயம்மாளைக் கூப்பிட்டார். அவர் நல்ல மனுஷர். ஆனால் நாலு ஊருக்கு அவர் ஒருத்தர்தான்.

"இன்னிக்கு எத்தன பேருமா?"

"என்னோட சேத்து பன்னண்டு பேரு ஃபாதர்."

"முப்பத்திரண்டு வீடு இருக்குது. பாதிக்கு மேல நம்ம டவுன் கோயிலுக்குத்தான் வராங்க. மிச்சம் பேரும் அங்கயே வந்துட்டா என்ன? ஜனவரியிலேர்ந்து இங்க மாசப் பூசை வேணாம்னு பாக்கறேன். வருசத்துக்கு ஒருக்கா, திருவிழாவுக்கு வரேன்."

ராயம்மாள் வாசலுக்கு வந்தாள். சாமியார் பைக் ரோடு ஏறி மறைகிறவரைக்கும் பார்த்தாள். இடுப்பில் இருந்த சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். மாசப் பூசை நின்றால் கோயில் நின்றது மாதிரி. வருஷத்துக்கு ஒரு நாள் திறக்கிற இடத்துக்குப் பேர் கோயில் இல்லை, குடோன். அம்மா பெருக்கிய தரை. அதை விட்டுவிட அவள் தயாராக இல்லை.

"இந்தக் கோயில நெறச்சுக் காட்டறேன்" என்று புங்க மரத்தடியில் நின்று சத்தமாகச் சொன்னாள். அருளானந்தம் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி, "ஏணி வேணுமா?" என்றார்.

ஏணி வேண்டியிருந்தது. முதலில் கோபுரத்தில் இரண்டு புனல் ஸ்பீக்கர் ஏறியது. காலை ஐந்து மணிக்கு அது போட்ட சத்தத்தில் சிங்கவரத்து மாடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டன. அடுத்து முகப்பில் சீரியல் செட் விளக்கு. அப்புறம் டியூப்லைட். வருகிறவர்களுக்கு ஒரு பிடிமானம் இருக்கட்டும் என்று டியூப்லைட் வாங்கித் தந்தவர்கள் பேரை எல்லாம் அதன் மேலேயே சிவப்புப் பெயிண்டில் எழுதவைத்தாள். முதல் டியூப்பில் 'உபயம்: ஆலய ஊழியர் ராயம்மாள்' என்று முனைக்கு முனை பேர். எல்லா டியூப்பிலும் எழுதி முடித்தபிறகு சுவிட்சைப் போட்டால் பேர்கள் ஜொலித்தன, பீடம் இருட்டாகிவிட்டது.

வருகைப் பதிவேடு ஒன்றும் வைத்தாள். மூன்றாவது வாரம் அதைத் திறந்தபோது பன்னிரண்டு பேருக்குக் கீழே யாரோ நீல மையில் 'புறா - 14' என்று எழுதிக் கையெழுத்துக் கட்டத்தில் சின்னதாகப் புறாக் காலும் போட்டிருந்தார்கள். அந்த வார அறிவிப்பு முக்கால் மணி நேரம் போனது.

ஆள் மட்டும் ஏறவில்லை.

ஜூலை நடுவில் ஒரு ஞாயிறு. திருவிழாவுக்கு இன்னும் எட்டு வாரம் இருக்கும்போதே ராயம்மாள் மாதாவுக்கு ஆரஞ்சு நிறத்தில் அகலக் கரை போட்ட பட்டுப்புடவை ஒன்றை எடுத்து வந்து பீடத்தின் மேல் விரித்து வைத்திருந்தாள். பார்க்கிறவர்கள் போய்ச் சொல்லட்டும், தெற்குத் தெருவுக்குக் காது இருக்கிறது என்பது அவள் கணக்கு.

அன்றைக்கு வரவேண்டிய வாசகம் விதை விதைக்கிறவன் உவமை. முந்தின நாள் சாயங்காலமே வாசக நூலில் அந்தப் பக்கத்துக்குச் சிவப்பு நாடாவை வைத்துவிட்டுத்தான் கதவைப் பூட்டியிருந்தாள். ஆனால் சனிக்கிழமை ராத்திரி நல்ல காற்று. உடைந்த ஜன்னல் வழியாக வந்து காற்று நாடாவை நகர்த்தியிருக்கும். இதில் காற்றைத் தவிர யார்மேலும் சந்தேகப்பட வேண்டியதில்லை.

ராயம்மாள் நாடாவைப் பிடித்துத் திறந்தாள், வாசித்தாள். ஒரு வரி போனதுமே விதையையும் காணோம், விதைக்கிறவனையும் காணோம் என்று தெரிந்துவிட்டது. வேறு யாராவது என்றால் நிறுத்திப் பக்கத்தைத் திருப்பியிருப்பார்கள். ஆரம்பித்ததை நடுவில் நிறுத்தினால் அவள் ராயம்மாள் இல்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு மேலே போனாள்.

காணிக்கையைப் பீடத்துக்குக் கொண்டுவருகிறவனைப் பற்றிய பகுதி அது. தன் கூடப்பிறந்தவனுக்குத் தன்மேல் ஒரு மனத்தாங்கல் இருப்பது அங்கே ஞாபகம் வந்தால், காணிக்கையை அப்படியே வைத்துவிட்டு முதலில் போய் அவனோடு சமாதானம் பண்ணிக்கொள்ள வேண்டும், பிறகு வந்து செலுத்த வேண்டும்.

இந்தப் பகுதியை அவள் இருபது தடவையாவது வாசித்திருப்பாள். வாசித்துவிட்டுக் கூட்டத்தைப் பார்த்து, யாருக்கு இது பொருந்தும் என்று ஆள் தேடியும் இருப்பாள். இன்றைக்குத்தான் ஒன்று கண்ணில் பட்டது. உனக்கு அவன்மேல் மனத்தாங்கல் இருந்தால் என்று அங்கே போடவில்லை. அவனுக்கு உன்மேல் இருந்தால் என்று போட்டிருக்கிறது. ஆறு வருஷமாக ராயம்மாள் யோசித்ததெல்லாம் தன் மனத்தாங்கலைத்தான். பெரியவளை மதிக்காமல் போனாள், தெருவையே இழுத்துக்கொண்டு போனாள், ஒரு நாள் வந்து மன்னிப்புக் கேட்டாளா? ஜோதியின் பக்கம் என்று ஒன்று இருக்கும் என்றே தோன்றவில்லை. இப்போது தோன்றியது. பிழைத்து வந்த பிள்ளைக்காக நன்றி சொல்ல வந்தவள் முகத்தில் கதவைச் சாத்தியிருக்கிறேன். அதுவும் யார் வீட்டுக் கதவை?

பீடத்தின் மேல் ஆரஞ்சுப் புடவை கண்ணைப் பறித்தது. மேலே டியூப்லைட்டில் அவள் பேர் எரிந்துகொண்டிருந்தது. ஆண்டவருக்கு முதல் இடம் என்று இத்தனை நாள் சொன்ன வாய்க்கு, அந்த இடத்தில் இதுவரை யார் உட்கார்ந்திருந்தது என்று தெரிந்தது.

நூலை மூடினாள்.

"எல்லாரும் அப்பிடியே ஒக்காருங்க. வந்துடறேன்" என்று மைக்கிலேயே சொல்லிவிட்டு, நடு வழியில் நடந்து வெளியே போனாள். பதினோரு பேரும் அப்படியே உட்கார்ந்தார்கள்.

அருளானந்தம் பேப்பரை மடித்தார். "மைக் போயிடுச்சா?"

"வண்டிய எடுங்க. ஜோதியப் பாக்கணும்."

"எந்த ஜோதி?"

"எனக்கு எத்தன ஜோதி இருக்குது? எடுங்கன்றேன்."

அவர் எடுக்கவில்லை. அவள் முகத்தையே பார்த்தார். "உள்ள ஜனம் ஒக்காந்துக்கினு இருக்குது."

"இருக்கட்டும். இது மொதல்ல." ஏறி உட்கார்ந்தவள் திடீரென்று, "காலையில சாப்டீங்களா?" என்று கேட்டாள்.

வண்டி ஒரு தடவை ஆடி நின்றது. "டீக்கடையில பன்னு" என்றார்.

"இன்னைக்கு மட்டுமா?"

"ஞாயித்துக்கெழமன்னா பன்னுதான்." கொஞ்ச தூரம் போனபிறகு, காற்றில் பாதி போக, மறுபடியும் பேசினார். அன்றைக்கு அவர் அளவுக்கு அது பெரிய பிரசங்கம். "கோயிலுக்கு நீ நல்ல பொஞ்சாதிதான். நான்தான் வெளிய நிக்கற ஆளு."

ராயம்மாளுக்குச் சுருக்கென்றது. பதில் வாய்வரைக்கும் வந்தது. அடக்கிக்கொண்டாள். பஸ் ஸ்டாண்டு தாண்டும்போது அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து, "அந்த அறிவிப்புல ஒங்க பேரச் சொன்னது தப்பு" என்றாள். கல்யாணமாகி முப்பது வருஷத்தில் அந்த வார்த்தையை அவர் கேட்பது முதல் தடவை. லாரி ஒன்று ஹாரன் அடித்து ஒதுங்கிப் போனது அவருக்குத் தெரியவே இல்லை.

டவுன் கோயிலில் பூசை முடிந்து ஜனம் வெளியே வந்துகொண்டிருந்தது. தெற்குத் தெருக்காரர்கள் ஆட்டோ பக்கத்தில் ஒரு கும்பலாக நின்றார்கள். ராயம்மாளைப் பார்த்ததும் பேச்சு நின்றுவிட்டது. அருள்ஜோதி முகத்தைத் திருப்பிக்கொண்டு ஆட்டோவில் ஏறப்போனாள்.

"ஜோதி."

"இன்னா? இங்கயும் பூட்டுப் போட வந்தியா? இது பெரிய கோயிலு. ஒஞ்சாவி பத்தாது."

கும்பலில் யாரோ சிரித்தார்கள். ராயம்மாள் சிரிப்பு வந்த பக்கம் திரும்பவில்லை. இதுவே ஒரு அதிசயம்.

"அன்னைக்கு நான் கதவச் சாத்தனது தப்பு. அதச் சொல்லத்தான் வந்தேன்."

அருள்ஜோதி இறங்கி நேராக வந்து நின்றாள். "ஆறு வருசம் கழிச்சி ஞாபகம் வந்துச்சா? ஜனவரியில பூசை நிக்கப்போவுதுன்னு ஊருக்கே தெரியும். பெஞ்சி காலியா இருக்குது, ஆளு வேணும். அதுக்குத்தான தங்கச்சி? ஒங் கோயிலு நெறையறதுக்கு நாங்க மூட்டையா?"

அந்த அடி சரியான இடத்தில் விழுந்தது. ஏனென்றால் நேற்றுவரைக்கும் அது உண்மை. ராயம்மாள் இடுப்பிலிருந்து சாவியை எடுத்து, கும்பல் பார்க்க அருளானந்தம் கையில் கொடுத்தாள்.

"நீ அங்க வரவேணாம். கூப்புடமாட்டேன். பூசை நின்னா நிக்கட்டும். ஒம்புள்ள பொழச்சதுக்கு நீ கொண்டாந்தது அந்தப் பொடவ. அத மாதாகிட்ட போவ உடாம நான் குறுக்க நின்னேன். நீ என்ன மன்னிக்கறதும் மன்னிக்காததும் ஒன் இஷ்டம். நான் சொல்லாம இருக்கக்கூடாது."

அருள்ஜோதி திரும்பி நடந்தாள். ஆட்டோவில் ஏறினாள். ஆட்டோ போய்விட்டது.

திரும்பி வந்தபோது மணி பத்தேகால். பதினோரு பேரும் இருந்தார்கள். தெரிந்த பாட்டையெல்லாம் பாடித் தீர்த்து, மூன்றாவது சுற்றாக முதல் பாட்டில் நின்றுகொண்டிருந்தார்கள். ஒருத்தர் தூங்கியும் விட்டார். ராயம்மாள் விட்ட இடத்திலிருந்து மன்றாட்டை ஆரம்பித்தாள். அன்றைக்கு அருளானந்தம் வண்டியைப் பூட்டிவிட்டுப் பின்னால் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். அறிவிப்பு இல்லை. ஜனத்துக்கு அதுதான் பயமாக இருந்தது.

மறுநாள் அவள் டியூப்லைட்டுகளை இறக்கினாள். மண்ணெண்ணெயில் துணியை நனைத்துத் துடைத்தாள், போகாத இடத்தை பிளேடால் சுரண்டினாள். தன் பேரை முதலில் சுரண்டினாள். கதவுக்குப் பக்கத்தில் அருளானந்தம் ஒரு ஆணி அடித்தார். சாவி அதில் தொங்கியது. யார் வேண்டுமானாலும் திறந்துகொள்ளலாம். முதல் வாரம் ஒருவரும் தொடவில்லை. மாட்டிக்கொள்வோமோ என்று நினைத்தார்கள்.

நாள் முறையும் மாறியது. எழுந்ததும் அரை மணி நேரம் பீடத்துக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருப்பாள். துடைப்பம் வெளியே இருக்கும். கை சும்மா இருக்க அவளுக்குத் தெரியாது. முதல் நாள் உட்கார்ந்தபடியே பெஞ்சுக் காலில் இருந்த சிலந்தி வலையை விரலால் சுற்றி எடுத்துவிட்டு, பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அதன்பின் நேராக வீட்டுக்குப் போய் அடுப்பைப் பற்றவைப்பாள். கோயில் பெருக்குவது அருளானந்தம் சாப்பிட்டு முடித்ததற்குப் பிறகுதான். இட்லியைத் தட்டில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தால் அவருக்கு முழுங்கவே வரவில்லை. "நீ போய் எதையாவது பெருக்கு, எனக்குக் கூச்சமா இருக்குது" என்றார். அவள் போகவில்லை.

சாயங்காலம் சத்துணவுக் கூடத்திலிருந்து நேராகத் தெற்குத் தெரு.

முதல் நாள் அருள்ஜோதி உள்ளே வா என்று சொல்லவில்லை. ராயம்மாள் வாசற்படியில் உட்கார்ந்தாள். முறத்தில் மல்லாட்டை இருந்தது. கையை நீட்டி உரிக்க ஆரம்பித்தாள். ஒரு மணி நேரம் இரண்டு பேரும் உரித்தார்கள். பிறகு ராயம்மாள் எழுந்து போய்விட்டாள். மறுநாளும் வந்தாள். அதற்கு மறுநாளும். கோயில் பேச்சை எடுக்கவே இல்லை. நாலாம் நாள் அருள்ஜோதி, "பொளந்த பருப்ப வெதக்கொட்டையோட போடாதக்கா, அது வேற" என்று சிடுசிடுத்தாள். அது ஆறு வருஷத்தில் அந்த வீட்டில் விழுந்த முதல் அக்கா. ராயம்மாள் குனிந்துகொண்டு பருப்பைப் பிரித்தாள். பிரித்த பருப்பு ஈரமாக இருந்தது என்பதை யாரும் பார்க்கவில்லை என்று அவள் நினைத்தாள்.

ஒன்பதாம் நாள் காப்பி வந்தது. சர்க்கரை இல்லாமல். "ஒனக்குச் சக்கர இருக்குதாமே, மாமா சொன்னாரு."

"மாமா எப்ப ஒங்கிட்ட சொன்னாரு?"

"ஆறு வருசமா சொல்லிக்கினுதான் இருக்கறாரு. நீதான் யார் பேச்சயும் கேக்கறதில்ல."

மில்லுக்குப் போகிற வழியில் அருளானந்தம் வாரத்துக்கு ஒரு தடவை இந்த வீட்டு வாசலில் மொபெட்டை நிறுத்திவிட்டுப் போயிருக்கிறார். மூன்று வார்த்தை பேசுகிற மனுஷன், அந்த மூன்றையும் இங்கே வந்து பேசியிருக்கிறார்.

செப்டம்பர் எட்டு வந்தது. ஆரஞ்சுப் பட்டுப்புடவை பீடத்தின் மேல் இல்லை. அதைக் கடையில் திருப்பிக் கொடுத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குத் தட்டு வாங்கிவிட்டாள். மாதா பழைய புடவையிலேயே சப்பரத்தின் பக்கத்தில் நின்றாள். மணி நாலு. ஐந்துக்குச் சாமியார் வருவார். முதல் புடவை யார் கட்டுவது என்று யாரும் கேட்கவில்லை, ராயம்மாளும் சொல்லவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தாள். நாலே காலுக்கு வடக்குத் தெருக்காரர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். "ராயம்மாக்கா, நீயே ஒண்ணு கட்டிடேன்" என்றார்கள்.

"என்னுது இல்ல" என்றாள்.

நாலரைக்குத் தெற்குத் தெருவே வந்தது. முன்னால் அருள்ஜோதி. கையில் அதே ஊதாப் புடவை. ஆறு வருஷம் பெட்டியில் இருந்ததில் பாச்சா உருண்டை வாசனை வாசல்வரைக்கும் அடித்தது. அவள் வாசலில் நின்றாள். பழைய ஞாபகத்தில் கால் உள்ளே வரவில்லை. ராயம்மாள் எழுந்து போய்க் கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள்.

"கட்டு."

"நீ கொசுவம் வச்சுக் குடுக்கா."

"நேந்துக்கினவ நீ. நீ கட்டு."

அருள்ஜோதிக்குக் கொசுவம் வராது. அது குடும்பத்துக்கே தெரியும். முதல் மடிப்பு அகலமாக விழுந்தது, இரண்டாவது ஒல்லியாக விழுந்தது, மூன்றாவது எங்கேயோ போயிற்று. ராயம்மாள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். விரல்கள் துடித்தன. ஒரு விரலை இன்னொரு கையால் நெரித்தாள். கோட்டைக்கு முன்னால் அத்தனை படை வந்தபோதும் இப்படி ஒரு முற்றுகை நடந்திருக்காது. உதட்டைக் கடித்துக்கொண்டு, கோணல்மாணலாக மாதா புடவை கட்டி முடிகிறவரைக்கும் அப்படியே நின்றாள்.

"எப்பிடிக்கா இருக்குது?"

"நல்லா இருக்குது" என்றாள் ராயம்மாள். பொய் சொன்ன பாவத்தை அடுத்த மாதம் சாமியாரிடம் சொல்லியிருப்பாள்.

சாமியார் வந்து வாசலிலேயே நின்றுவிட்டார். பெஞ்சு பற்றாமல் ஜனம் தரையில் உட்கார்ந்திருந்தது. டியூப்லைட் வெள்ளை வெளேரென்று எரிந்தது. பீடம் தெரிந்தது. பூசை முடிந்து, மாதா காற்றில் அவிழப்பார்க்கிற புடவையோடு இரண்டு தெருவும் சுற்றிவந்தாள். கிளம்பும்போது சாமியார் பைக்கை உதைத்துக்கொண்டே, "ராயம்மா, ரெண்டாவது ஞாயிறும் நான் ஃப்ரீதான்" என்றார். ஜனவரிப் பேச்சை எடுக்கவில்லை.

சாவி இன்றைக்கும் ஆணியில்தான் தொங்குகிறது. ராயம்மாளின் கை மட்டும் இன்னும் அடிக்கடி இடுப்புக்குப் போய், ஒன்றும் இல்லாததைத் தொட்டுவிட்டு, வந்துவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பு இரண்டு நிமிஷத்தில் முடிகிறது. அருளானந்தம் பாட்டு ஆரம்பிக்கும் முன்பே உள்ளே இருக்கிறார்.

இவ்வளவையும் எழுதி, முதலில் ராயம்மாளிடம்தான் படிக்கக் கொடுத்தது. அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தங்கை மகன் ஆதவனை எதிரே ஸ்டூலில் உட்காரச் சொல்லிவிட்டு, ஒவ்வொரு தாளாகப் படித்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கடைசித் தாளை வைத்துவிட்டு உள்ளே போய் வருகைப் பதிவேட்டை எடுத்துவந்தாள். புறா பக்கத்தைத் திறந்து, எழுதின தாள் பக்கத்தில் வைத்தாள்.

"பெரியம்மாவ அவ இவன்னு எழுதியிருக்க. சரி, கதைன்னு உட்டுட்டேன். லட்சணமான பையன்னு ஒன்ன நீயே எழுதிக்கின. அதயும் உட்டுட்டேன். இந்தப் புறாவும் இந்தக் கதையும் ஒரே கையெழுத்து. அத இன்னா பண்றது?"

"பெரியம்மா, அது..."

"இரு." பையிலிருந்து வாசக நூலையும் எடுத்தாள். நேராக அந்தப் பக்கம் திறந்தது. காணிக்கை என்று ஆரம்பிக்கிற வரிக்குப் பக்கத்தில், ஓரத்தில், பென்சிலால் ஒரு கோடு. மெல்லிசாக, அழுத்தாமல், யாரும் பார்த்துவிடக் கூடாது என்பதுபோலப் போட்டது.

"எத்தன நாளு தேடன இந்தப் பக்கத்த?"

ராயம்மாள் கண்ணாடியைக் கழற்றி, முந்தானையில் துடைத்து, ரொம்ப நேரம் துடைத்து, மறுபடியும் மாட்டிக்கொண்டாள்.

"ஜன்னல்ல பூந்த காத்து பென்சிலும் எடுத்துக்கினா வந்துச்சி?"